இரண்டாம் வாதியும் நானும் ஒரே பெஞ்சில்

ஜனவரி 5, 2025, ஞாயிறு

என் கையெழுத்துக்காக முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஒரு வரி மேலே ஏறுகிறது, ஒரு வரி கீழே இறங்குகிறது. 'ழ' எழுதினால் அதன் வால் அடுத்த கோட்டையும் தாண்டிப் போய்விடுகிறது. யாரிடம் மன்னிப்புக் கேட்கிறேன்? இந்த நோட்டை நான் ஒருவன்தான் படிக்கப்போகிறேன். சரி, அப்பாசாமி, நீயே பொறுத்துக்கொள்.

பூங்கொடி டீச்சர் சொல்லித்தான் எழுதுகிறேன். "தாத்தா, தினம் நாலு வரி எழுதுங்க. நாலு வரலன்னா ஒண்ணு. யார்கிட்டயும் காட்ட வேணாம், நான்கூட பாக்கமாட்டேன்" என்றது அந்தப் பெண்.

முதல் நாள் என்பதால் என் விவரம். வயது எழுபத்துமூன்று. சொந்த ஊர் வந்தவாசிப் பக்கம். நெல்லும், இங்கே வேர்க்கடலை என்கிறார்களே அந்த மல்லாட்டையும் போட்டுப் பிழைத்தவன். மனைவி வேண்டா காலமான பிறகு மகள் தமிழ்ச்செல்வியோடு செங்கல்பட்டில் இருக்கிறேன். மாப்பிள்ளை ரமேஷுக்கு ஓசூரில் வேலை, சனிக்கிழமை வந்து போவார். மகள் இங்கே மாவட்ட கோர்ட்டில் நீதிபதி.

நீதிபதி என்று என் கையால் எழுதுவது இதுதான் முதல் தடவை. நன்றாகவே விழுந்திருக்கிறது. இன்னொரு தடவை எழுதிப் பார்க்கிறேன். நீதிபதி.

ஜனவரி 8, புதன்

முனிசிபல் பள்ளிக்கூடத்தில் மாலை வகுப்பு. பிள்ளைகள் உட்காரும் பெஞ்சு என்பதால் முழங்கால் தாடையை இடிக்கிறது. என் பெஞ்சில் பக்கத்தில் ஆனந்தன். மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்துக்காரன். கடலுக்குப் போனவன். கண் ஆபரேஷன் ஆனதிலிருந்து படகு ஏறவில்லை. வாரத்தில் பாதி நாள் இங்கே மகள் வீட்டில் தங்கல்.

அவன் 'க' எழுதினால் தூண்டில் முள் மாதிரி இருக்கும். நான் சிரித்தால், "உன்து இன்னா அண்ணாத்த, மண்புழு மாரி கீது" என்பான்.

ஜனவரி 14, செவ்வாய். பொங்கல்

காலையில் ஒரு வக்கீல் ஆள் அனுப்பிக் கரும்புக் கட்டு கொடுத்துவிட்டார். கேட்டைத் தாண்டி உள்ளே வரவில்லை. செல்வி பால்கனியிலிருந்தே கையைக் கூப்பினாள். கரும்பு அப்படியே திரும்பிப் போனது. பிறகு மாப்பிள்ளை கடைக்குப் போய்க் காசு கொடுத்து இரண்டு கரும்பு வாங்கி வந்தார்.

இந்த வீட்டுக்கு வந்த புதிதில் எனக்கு இதெல்லாம் பிடிபடவில்லை. கல்யாணப் பத்திரிகை வரும், போக மாட்டாள். பக்கத்து பங்களாவில் கிரகப்பிரவேசம், போக மாட்டாள். "ஏம்மா, மனுசங்க வேணாமா?" என்று கேட்டேன். "நாளைக்கே அவங்க கேசு என் முன்னாடி வரும் நைனா" என்றாள். வருமா என்று கேட்டேன். "இந்த ஊர்ல யாருக்குத்தான் கேசு இல்ல?"

நான் சுவரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பதைக் கண்டு, போன ஆனியில் வகுப்பில் சேர்த்துவிட்டதும் அவள்தான். ஒரே ஒரு நிபந்தனை. நீதிபதியின் அப்பா என்று யாரிடமும் சொல்லக்கூடாது. பொண்ணுக்கு எங்கே வேலை என்று ஆனந்தன் கேட்டபோது, கவர்மெண்ட் ஆபீஸ் என்றேன். "தாலுக்கா ஆபீசா?" என்றான். தலையை ஆட்டிவைத்தேன். அன்றிலிருந்து என் பெயர் வகுப்பில் 'தாலுக்கா'.

ஜனவரி 24, வெள்ளி

செல்வி சாயங்காலம் வந்ததும் குளியலறைத் தரையெல்லாம் மணல். புடவைக் கரையிலிருந்து கொட்டியிருக்கிறது. எங்கே போனாய் என்று கேட்டேன். "ஒரு கேசுக்காக எடத்தப் பாக்கப் போனேன்." அவ்வளவுதான். வழக்கைப் பற்றி வீட்டில் பேச மாட்டாள். நானும் கேட்க மாட்டேன்.

ஈர மணல். கையில் அள்ளினால் வயல் மண் மாதிரி ஒட்டவில்லை.

பிப்ரவரி 2, ஞாயிறு

இன்றைக்கு வகுப்பு இல்லை, நேரம் இருக்கிறது. என் மகளைப் பற்றி எழுதப்போகிறேன். எழுதி முடிக்கிறவரை எழுந்திருக்கப் போவதில்லை.

எங்கள் ஊரில் கறுப்புக் கோட்டு போட்ட முதல் பொம்பளை அவள்தான். ஆம்பளையிலும் அவளுக்கு முன்னால் யாரும் கிடையாது. மெட்ராஸில் படித்து முடித்துவிட்டு எங்கள் பக்கத்துச் சின்னக் கோர்ட்டுக்கு வந்தாள். எந்த சீனியரும் சேர்த்துக்கொள்ளவில்லை. கடைசியில் ஒருவர் சேர்த்துக்கொண்டு டைப் அடிக்க உட்காரவைத்தார். கொலைக் கேசு ஒன்றைக் கேட்டாள். "இன்னாம்மா, ஸ்டேஷன் வாசல்ல போயி நிப்பியா?" என்றாராம். போய் நின்றாள். ஊரில் என்னிடம் வந்து சொன்னார்கள்: "அப்பாசாமி, உம் பொண்ணு போலீஸ் ஸ்டேஷன் வாசல்ல நிக்கிறா, பாத்தேன்." "நிக்கட்டும், உள்ள உக்கார வெக்கிற வேலதான் அவளுக்கு" என்றேன். அந்த வயதில் எனக்கு வாய் அதிகம்.

அந்தக் கோர்ட்டில் பெண்களுக்கென்று கக்கூஸ் கிடையாது. ஒரு பெண் வந்தால்தானே கட்டுவதற்கு? இவள் காலையில் தண்ணீர் குடிக்காமல் போவாள். முடியாதபோது தபால் ஆபீசுக்குப் பின்னால் ஒரு அம்மாள் வீட்டுக்கு ஓடுவாள். இதை அப்போது அவள் எங்களிடம் சொல்லவில்லை. வேண்டாவிடம்கூடச் சொல்லவில்லை. நீதிபதியான பிறகு, எந்த ஊருக்கு மாற்றினாலும் போன முதல் நாள் நேரே போய்ப் பெண்கள் கக்கூசைத்தான் பார்ப்பாளாம். தாழ்ப்பாள் இருக்கிறதா, தண்ணீர் வருகிறதா. அதற்கப்புறம்தான் நாற்காலி. இதைச் சொன்னவர் மாப்பிள்ளை.

நீதிபதியாகப் போன முதல் ஊரில் ஒரு வயசான வக்கீல் இவளை 'சார்' என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தாராம். மற்றவர்கள் சிரித்தார்கள். இவள் திருத்தவில்லை. "ஆயுசுக்கும் வேற வார்த்தை சொல்ல அவருக்கு அவசியம் வரல நைனா, பாவம்" என்றாள். அவர் ரிட்டயர் ஆகும்போது 'அம்மா'வுக்கு வந்துவிட்டார்.

கை வலிக்கிறது. ஆனால் இவ்வளவும் நான் எழுதினேன். வேண்டா இருந்தால் படித்துக் காட்டியிருப்பேன்.

பிப்ரவரி 7, வெள்ளி

ஆனந்தன் டப்பாவில் பொரித்த நெத்திலி கொண்டுவந்தான். வகுப்பு முடிவதற்குள் டப்பா காலி. டீச்சருக்கும் கொடுத்தோம்.

பிப்ரவரி 12, புதன்

என்ன எழுதுவது? எப்படி எழுதுவது?

வகுப்பு முடிந்து வெளியே வந்ததும் ஆனந்தன் என் தோளைப் பிடித்துக்கொண்டான். "தாலுக்கா, ஒரு ஒத்தாச. உம் பொண்ணாண்ட சொல்லி எங்க ஊர் நெலம் அளந்த புலப்படம் நகலு ஒண்ணு வாங்கிக் குடேன். எங்க வக்கீலு கேட்டுகினே கீறாரு."

எதற்கு என்றேன்.

"கேசுக்குத்தான். கடலுக்குப் போற பாதைல சொவுரு வெச்சிட்டான்னு சொன்னேனே, அந்த ஓட்டல்காரன். பாத எங்குளுதுன்னு ஊரு பேர்ல மூணு பேரு போட்டுக்கீறோம். ரெண்டாவது பேரு என்து."

எந்தக் கோர்ட்டு என்று கேட்டேன். கேட்காமலே இருந்திருக்கலாம்.

"இங்கதான், பெரிய கோர்ட்டு. எத்தினியோ ஜட்ஜு மாறி மாறி வாய்தா குடுத்துட்டு பூட்டாங்க. இப்போ ஒரு பொம்பள ஜட்ஜு. கண்ணாடி போட்டுக்கினு, சிரிக்கவே சிரிக்காது பா. ஆனா போன மாசம் நேரா வந்துச்சு. ஓட்டல்காரன் சேரு போட்டான், உக்காரல. செருப்ப கைல புடிச்சிக்கினு கடல் வரிக்கும் நடந்துச்சு. எங்க ஆளுங்க வல தூக்கினு எப்படி போவாங்கன்னு ரெண்டு பேர தூக்க வெச்சிப் பாத்துச்சு. அது இருக்கறப்பவே தீர்ப்பு வந்துடணும்னு ஊரே வேண்டிக்கினு கீது."

என் மகளைப் பற்றி ஒருவன் என்னிடமே இப்படிச் சொல்கிறான். நெஞ்சு நிறைந்துபோயிற்று. அடுத்த நிமிஷமே அவன் கொடுத்த நெத்திலி ஞாபகம் வந்தது.

"ஏன் அண்ணாத்த ஒரு மாரி ஆயிட்ட? டப்பு எதுனா செலவாவுமா?" என்றான். ஒன்றுமில்லை என்று வந்துவிட்டேன்.

இன்னாடா பண்ணி வெச்சிக்கீற, அப்பாசாமி.

பிப்ரவரி 13, வியாழன்

காலையில் செல்வி இட்லி சாப்பிடும்போது சொல்லிவிட்டேன். கையிலிருந்த இட்லியைத் தட்டில் வைத்தாள்.

"எத்தன நாள் பழக்கம்?"

"ஆடி மாசத்துலேந்து."

"கேசு பத்திப் பேசினாரா?"

"நேத்துதாம்மா தெரியும். முன்ன ஒரு வாட்டி எவனோ சொவுரு வெச்சிட்டான்னு திட்டினான். நான் அது கேசுன்னு நெனைக்கல."

"நீ இன்னா சொன்ன?"

"அவன் நாசமாப் பூடுவான்னு சொன்னேன்."

கண்ணை மூடிக்கொண்டாள். "அவர் உனக்கு எதுனா குடுத்தாரா?"

"மீனு."

"எத்தன வாட்டி?"

"பொரிச்சதா, கொழம்பா?"

"நைனா."

எல்லாம் சேர்த்துச் சொன்னேன். டீச்சரும் தின்றது என்றேன். அவள் எழுந்து கையைக் கழுவிவிட்டு வந்து, என் தலையில் ஈரக்கையை வைத்தாள். "சொன்னியே, அது போதும்" என்றாள். கோபித்துக்கொண்டிருந்தால் தேவலாம் போலிருந்தது.

வகுப்புக்குப் போகவில்லை.

பிப்ரவரி 17, திங்கள்

சாயங்காலம் அவளே உட்காரவைத்துச் சொன்னாள். என் சம்பந்தப்பட்டது என்பதால் எனக்குத் தெரியவேண்டும் என்றாள்.

இன்று அந்த வழக்கைக் கூப்பிட்டதும், எல்லோர் முன்னாலும் சொல்லியிருக்கிறாள்: என் தகப்பனார் எழுத்தறிவு வகுப்பில் இரண்டாம் வாதியோடு ஒரே பெஞ்சில் படிக்கிறார். அவர் கொடுத்த மீனைப் பல முறை சாப்பிட்டிருக்கிறார். வழக்கு என்று தெரியாமல் பிரதிவாதியை ஒரு முறை திட்டியும் இருக்கிறார். தெரிந்த மறுநாள் காலையில் என்னிடம் சொன்னார். இதைப் பதிவு செய்கிறேன். நான் இந்த வழக்கை விசாரிப்பதில் ஆட்சேபணை இருந்தால் எந்தத் தரப்பும் சொல்லலாம். மறு பேச்சில்லாமல் வேறு கோர்ட்டுக்கு அனுப்ப எழுதிவிடுவேன்.

கோர்ட்டில் எல்லோரும் சிரித்தார்களாம். இவள் சிரிக்கவில்லை.

"ஆனந்தன் இருந்தானா?"

"இருந்தாரு."

"இன்னா பண்ணான்?"

"வாயைத் தொறந்துகிட்டு நின்னாரு."

ஓட்டல்காரர்களின் வக்கீல் வியாழன்வரை அவகாசம் கேட்டிருக்கிறார். அவர் ஆட்சேபணை சொன்னால்? வழக்குக் கட்டு வேறு கோர்ட்டுக்குப் போகும். அங்கே இருப்பவர் முதலிலிருந்து படிக்கவேண்டும். கடலுக்கு நடந்து போவாரா, யார் கண்டது? எத்தனையோ வருஷமாகச் சுவரைச் சுற்றிக்கொண்டு வலை தூக்குகிற ஜனம். ஒரு டப்பா நெத்திலியால் அவர்களுடைய ஜட்ஜைப் பிடுங்கிவிட்டேனா?

செல்வியிடம் கேட்டேன். "சொல்லாமலே இருந்திருந்தா?"

"அப்போ தீர்ப்பு வந்தப்புறம் யாராச்சும் கண்டுபிடிப்பாங்க. அந்தத் தீர்ப்பே செல்லாமப் போகும். அவங்களுக்குத்தான் நஷ்டம்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "எனக்கும்தான்" என்றாள்.

பிப்ரவரி 18, செவ்வாய்

சோறு இறங்கவில்லை.

பிப்ரவரி 20, வியாழன்

ஆட்சேபணை இல்லை!

இந்தக் குறியை இன்றைக்குத்தான் முதல்முறை போடுகிறேன். டீச்சர் சொல்லிக்கொடுத்தபோது எதற்கு உதவும் என்று நினைத்தேன்.

ஓட்டல் தரப்பு வக்கீல் எழுந்து, "மீன் சாப்பிட்டதைச் சாப்பிட்டவர் மகளே சொல்லிவிட்ட பிறகு எங்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லை" என்று சொல்லி, எழுதியும் கொடுத்துவிட்டாராம். நல்லா இருக்கட்டும். அவருடைய கட்சிக்காரனையும் இனித் திட்டமாட்டேன்.

ஆனால் தீர்ப்பு வரும்வரை நான் ஆனந்தனைப் பார்க்கக்கூடாது, பேசக்கூடாது. கேட்டவுடன் சரி என்றுவிட்டேன். செல்வி என் முகத்தையே பார்த்தாள். "இந்த ஊர்ல உனக்குக் கெடச்ச ஒரே ஆளு, இல்ல?" என்றாள்.

"பாத அவங்களுக்கு முக்கியம்மா" என்றேன்.

"பாத அவங்களுதா இல்லையான்னு நான் இன்னும் எழுதல" என்றாள். உடனே நீதிபதி ஆகிவிட்டாள்.

பிப்ரவரி 27, வியாழன்

பூங்கொடி டீச்சர் நல்ல பெண். எனக்கு மட்டும் காலையில் பள்ளி திறக்கும் முன்னால் அரை மணி நேரம் சொல்லித்தருகிறது. சம்பளம் இல்லாத வேலை, அதில் இது வேறு. "கலெக்டர் மாதிரி தனி டியூஷன் தாத்தா உங்களுக்கு" என்கிறது.

ஆனந்தனைப் பற்றி நான் கேட்கவில்லை. அதுவாகவே சொன்னது. முதல் நாள், "தாலுக்கா தாலுக்கான்னு நல்லா கத வுட்டான்யா கெழவன்" என்று ரொம்பத் திட்டினானாம். அப்புறம் பெஞ்சில் என் இடத்தில் வேறு யாரையும் உட்காரவிடவில்லையாம். தன் துண்டைப் போட்டு வைத்திருக்கிறானாம்.

மார்ச் 9, ஞாயிறு

பழைய பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் உட்கார்ந்து பன்னை டீயில் நனைத்துக்கொண்டிருந்தேன். ஆனந்தன் வந்தான். என்னைப் பார்த்தான். சட்டென்று முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டான். பிறகு டீ மாஸ்டரிடம் கடை முழுக்கக் கேட்கிற மாதிரி பேச ஆரம்பித்தான்.

"மாஸ்டர், எங்க கிளாசுல இப்போ லெட்டர் எழுத சொல்லிக் குடுக்குது. விலாசம் எங்க போடணும் தெரியுமா? வலது பக்கம், கீழ."

"எனக்கின்னாத்துக்குயா சொல்ற?"

"தெரிஞ்சிக்கோயேன், காசா கேக்குறேன்? சில பேரு கிளாசுக்கு வராம பூட்டாங்க, அவங்களுக்கெல்லாம் தெரியாம பூடும். அப்புறம் கண்ணு நல்லா கீது. டாக்டரு சொட்டு மருந்த நிறுத்திட்டாரு."

"சரிய்யா, எனக்கு ரொம்ப சந்தோசம். டீ எடுத்துக்கோ."

"கடல்ல இப்போ சங்கரா நல்லா படுது. ஆனா யாருக்கும் குடுக்கறதில்ல. குடுத்தா பேஜாரு."

நான் வாயைத் திறக்கவில்லை. பன் உடைந்து டீக்குள் விழுந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் போன பிறகு மாஸ்டர் என்னிடம், "பாவம், வயசாச்சுல்ல, கொஞ்சம் கழண்டுகீது" என்றார்.

இதையும் செல்வியிடம் சொன்னேன். மறைத்து என்ன ஆகப்போகிறது? யோசித்தாள். "அவரு மாஸ்டர்கிட்டதான பேசினாரு?"

"ஆமா."

"நீ பதில் சொல்லல?"

"இல்ல."

"அப்போ சரி" என்று உள்ளே போய்விட்டாள். உள்ளே அவள் தனியாகச் சிரிக்கிற சத்தம் கேட்டது.

மார்ச் 23, ஞாயிறு

எழுத்தறிவுத் தேர்வு. டீச்சர் என்னை ஒரு அறையிலும் ஆனந்தனை எதிர் அறையிலும் உட்காரவைத்தது. சன்னல் வழியாக அவன் தலை தெரிந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தான். முன்பென்றால் காலால் உதைத்திருப்பேன்.

எல்லாக் கேள்விக்கும் பதில் எழுதினேன். இரண்டு தப்பாக இருக்கலாம். கையெழுத்துப் போடும் இடத்தில் நெடுநேரம் எடுத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 17, வியாழன்

செய்தித்தாளில் வந்திருக்கிறது. நேற்று தீர்ப்பு. செல்வி சொல்லவில்லை. காலையில் பேப்பரை மடித்து என் நாற்காலியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். எட்டாம் பக்கம், கீழே ஒரு சின்னக் கட்டம். அதைப் படித்து முடிக்க எனக்குக் காலை முழுவதும் ஆயிற்று. யாரையும் படிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. நானே படித்தேன்.

கடலுக்குப் போகும் பாதையில் மீனவர்களுக்கு உரிமை உண்டு. சுவரை இரண்டு மாதத்தில் எடுக்கவேண்டும். இந்த இடத்தில் எழுந்து நின்றுவிட்டேன். திரும்ப உட்கார்ந்து மிச்சத்தைப் படித்தேன்.

பாதைக்குப் பக்கத்தில் கருவாடு உலர்த்தும் மணல் திட்டையும் கேட்டிருக்கிறார்கள். அது தள்ளுபடி. அங்கே உலர்த்துகிற பெண்கள் யாரும் வந்து சாட்சி சொல்லவில்லை, மற்றவர்கள் சொன்னதை வைத்து உரிமை கொடுக்க முடியாது என்று நீதிபதி கூறினார். அந்தப் பெண்கள் இந்த வழக்கில் கட்சிக்காரர்கள் இல்லை, அவர்கள் தங்கள் பெயரில் தனியாக வழக்குப் போட இந்தத் தீர்ப்பு தடையில்லை.

ஆனந்தன் மனைவி கருவாடு போடுகிறவள். அந்தத் திட்டில்தான்.

சந்தோஷப்படுவதா வேண்டாமா என்று தெரியவில்லை. சாயங்காலம் செல்வி வந்ததும் பேப்பரைக் காட்டி, "படிச்சேன்" என்றேன். "முழுசாவா?" "முழுசா."  அவள் ரொம்பக் களைத்திருந்தாள்.

ஏப்ரல் 25, வெள்ளி

மாற்றல் உத்தரவு வந்துவிட்டது. தூத்துக்குடி. இங்கே மூன்று வருஷம் முடிந்துவிட்டது, எதிர்பார்த்ததுதான். மாத முடிவில் பொறுப்பைக் கொடுத்துவிடுவாள்.

"இப்போ ஆனந்தனப் பாக்கலாமா?" என்று கேட்டேன்.

"சார்ஜ் குடுக்கற வரைக்கும் பொறு. அப்புறம் அந்தக் கேசு எந்த வழியிலயும் என்கிட்ட வராது. போய்ட்டு வா. நான் வர முடியாது."

மே 4, ஞாயிறு

இன்றைக்குப் பக்கம் பக்கமாக எழுதுவேன்.

திருக்கழுக்குன்றம் வழி பஸ். பஸ்ஸின் பெயர்ப்பலகையை நானே படித்து நானே ஏறினேன். வழக்கமாக யாரையாவது கேட்பேன். ஆனாலும் பழக்கத்தில் ஏறியதும் கண்டக்டரைக் கேட்டுவிட்டேன். "போர்டு போட்டுகீதே பெரியவரே, தெரியாதா?" என்றார். "தெரியும்" என்றேன். அவருக்கு என்ன புரிந்ததோ.

டீச்சர் மூலம் சொல்லியனுப்பியிருந்தேன், ஆனந்தன் ரோட்டிலேயே நின்றுகொண்டிருந்தான். நான் இறங்கியதும் முதுகைத் திருப்பிக்கொண்டு அங்கே கட்டியிருந்த ஒரு ஆட்டிடம், "தாலுக்கா வந்துட்டான் பாரு" என்றான். பிறகு திரும்பி என்னைக் கட்டிக்கொண்டான். கண்ணைத் துடைத்தான். ஆபரேஷன் பண்ண கண்ணு, காத்து ஒத்துக்கலை என்றான். எனக்கும் காற்று ஒத்துக்கொள்ளவில்லை.

சுவர் இன்னும் நிற்கிறது. இரண்டு மாதக் கெடு முடியவில்லை. ஓட்டல்காரர்கள் மேல்கோர்ட்டுக்குப் போகப்போவதாகப் பேச்சு. ஆனால் சுவரின் அடியில் ஊர்க்காரர்கள் சுண்ணாம்பால் இரண்டு கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். வலை தூக்கிக்கொண்டு இரண்டு பேர் போகிற அகலம். செல்வி அளந்து பார்த்த அகலம்.

வீட்டில் ஆனந்தன் மனைவி ஜெகதாம்பாள். பாய் போட்டாள், இலை போட்டாள், சோற்றைக் கொட்டினாள். குழம்பு ஊற்றும்போது என்னைப் பார்த்துச் சொன்னாள்: "உம் பொண்ணு எங்க எடத்தப் புடுங்கிட்டா. சாப்புடு."

"பாத குடுத்துச்சே" என்றான் ஆனந்தன்.

"பாதைலயா கருவாடு காய வெக்கிறது? வல தூக்கற ஆம்பளைக்குப் பாத. எங்குளுக்கு?"

சோற்றில் கை வைத்தபடியே இருந்தேன்.  அந்த மணல் திட்டு என் மகளுக்குத் தெரியாமலா இருக்கும்? பார்த்துவிட்டுத்தானே வந்தாள்?

"ஆரு போயி சாட்சி சொன்னது? இந்த மூணு பெரிய மனுசங்கதான்" என்று புருஷனைக் காட்டினாள். "நாங்களும் வரோம்னு கேட்டோம். இன்னா சொன்னீங்க? கோர்ட்டுல பொம்பளைங்க நின்னா ஊருக்கு அசிங்கம். அந்த ஜட்ஜம்மா நடந்து வந்தப்போ நான் அங்கதான் குந்திகினு இருந்தேன். நின்னு என்னையே பாத்துச்சு. நீ பேசுவியான்னு கேக்கற மாரி இருந்துச்சு. இந்த ஆளு முன்னால வந்து நின்னுக்கினு, 'எங்க பொம்பளைங்கம்மா'ன்னுட்டான். அது போயிடுச்சு."

ஆனந்தன் தலையைக் குனிந்துகொண்டு முள்ளை எடுத்துக்கொண்டிருந்தான். மீனில் அவ்வளவு முள் இல்லை.

"இப்போ எங்க பேர்ல நாங்களே போடறோம் கேசு. இங்க பதினாலு பொம்பளைங்க கீறோம். என் பேருதான் மொதல்ல. வக்கீலும் பாத்துட்டோம், பொம்பள வக்கீலு. நீ எதுக்கு இலையப் பாத்துகினு கீற? சாப்புடு. உம் பொண்ணு ஊர வுட்டுப் போவுது, இனிமே நீ எவ்ளோ துன்னாலும் கேசு கெடாது."

சாப்பிட்டேன். மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டேன். பாதி வழக்குத் தோற்ற வீட்டில் இவ்வளவு சோறு போடுவார்கள் என்று எனக்குத் தெரியாது. ஒரு கோர்ட்டில் பெண்களுக்கு ஒரு தாழ்ப்பாள் இல்லாத காலத்தில் ஆரம்பித்தவள் என் மகள். இன்றைக்கு ஜெகதாம்பாள் தன் பெயரை முதலில் போடச் சொல்கிறாள். எனக்குச் சட்டம் தெரியாது. ஆனால் சாப்பிட்டுவிட்டு அந்த மணல் திட்டில் நின்றபோது, பெண்கள் தனியாக வழக்குப் போடத் தடையில்லை என்று செல்வி எழுதியதை மனதில் மறுபடி எழுத்துக் கூட்டிப் படித்தேன். கதவைச் சாத்தியவள் தாழ்ப்பாள் போடாமல் போயிருக்கிறாள்.

பஸ் ஏறும்போது ஆனந்தன், "லெட்டர் போடு. விலாசம் வலது பக்கம், கீழ" என்றான்.

வீட்டுக்கு வந்தேன். செல்வி கூடத்தில் சட்டப் புத்தகங்களை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். ஆனந்தனைப் பற்றிக் கேட்கவில்லை. சுவரைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும், அதனால் ஜெகதாம்பாள் சொன்னதை நானும் சொல்லவில்லை. மூன்று வருஷமாக இந்த மாவட்டத்தில் ஒரு வீட்டிலும் உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிடாதவள். எழுந்து வந்து என் வலது கையைப் பிடித்து மூக்கருகே வைத்துக்கொண்டாள்.

"வஞ்சிரமா?"

"சங்கரா."

"மாங்கா போட்டாங்களா?"

"போட்டாங்க."

கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தரம் மோந்து பார்த்தாள். சின்னப் பெண் மாதிரி சிரித்தாள். பிறகு, "சரி, கை கழுவிட்டு வா நைனா, இந்தப் பெட்டிய ஒட்டணும்" என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தூத்துக்குடியில் இருப்போம். இந்த நோட்டைத் துணிகளுக்கு மேலாகவே வைத்திருக்கிறேன். போய் இறங்கிய அன்றைக்கே எடுத்து எழுத வேண்டும்.